அசையாமல் பத்து நிமிடம்

எதையும் குறிப்பாக யோசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும், தூங்கக் கூடாது, தலையை அசைக்கக் கூடாது, கண்ணுக்கு மேலே சாய்த்து வைத்திருக்கும் கண்ணாடியில் தெரிகிற கூட்டல் குறியைப் பார்த்தபடி மனம் போகிற பக்கம் போக விட வேண்டும், பத்து நிமிடம், அவ்வளவுதான் வேலை. "சும்மா இருக்கணும் சிந்துஜா. சும்மா இருக்கிற மூளை என்ன பண்ணுதுன்னுதான் பாக்கப் போறோம்" என்றார் ஆய்வகத் தலைவர் மங்கையர்க்கரசி மேடம், ஒலிபெருக்கியில் அவர் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது, பிறகு அதுவும் நின்றது. சும்மா இருப்பது எப்படி என்று யோசிக்க ஆரம்பித்ததுமே நான் சும்மா இல்லை. தலையைச் சுற்றிக் கூண்டு, காதில் பஞ்சு மாதிரி அடைப்பு, மூக்குக்கு ஒரு சாண் மேலே வெள்ளையாக வளைந்து போகும் கூரை. வலது கையில் ஒரு ரப்பர் பந்து, எலுமிச்சம்பழம் அளவு, அதிலிருந்து ஒரு குழாய் வெளியே போகிறது. பயமாக இருந்தால், மூச்சு முட்டினால், ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அதை அமுக்க வேண்டும். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால். பக்கிரிசாமி அண்ணன் அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டபோது அப்படித்தான் சொன்னார். அவர் இந்த எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை ஓட்டுகிறவர், ஐம்பது வயதிருக்கும், வாசலில் நின்று எல்லாருடைய இரும்பையும் வாங்கி வைப்பதே தன் பிறவிப் பயன் என்பது போல வாங்கி வைத்தார். ஊக்கு, ஹேர்பின், தோடு, சங்கிலி, கைக்கடிகாரம். "போன மாசம் ஒரு சாரு பர்ஸோட உள்ள போயிட்டாரும்மா. அத்தனை கார்டும் அழிஞ்சு போச்சு. வீட்டுக்காரம்மாதான் எனக்கு இனிப்பு குடுத்து விட்டாங்க." நான் சிரித்தேனா என்று நினைவில்லை. என்னிடமிருந்ததையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். இந்த அறைக்குள் ஒரு துண்டு இரும்பு கிடையாது. அதை நினைத்ததும் வலது கை கூசுகிறது, பந்து இருக்கும் கை.

சத்தம் தொடங்கிவிட்டது. முதலில் ஒரு தட்டல், பிறகு தட்டல்களின் அடுக்கு, பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே தாளம். அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் பதினோரு வீடுகளில் விசைத்தறி ஓடும், அந்தச் சத்தத்தில்தான் படித்தேன், தூங்கினேன், அது நின்றால்தான் விழிப்பு வரும், அதனால் இந்தச் சத்தம் எனக்குப் பயமில்லை. பயம் வேறு. அதைப் பற்றி யோசிக்க வேண்டாம், கூட்டல் குறியைப் பார். கூட்டல் குறி வெள்ளை, பின்னால் கறுப்பு. இப்போது நான் அதைப் பார்ப்பதால் தலையின் பின்பக்கத்தில் ஒரு மூலைக்கு ரத்தம் சற்று அதிகமாக ஓடுகிறது. அந்த வேறுபாட்டை, ஒரு சிட்டிகைகூட இல்லாத அந்த வேறுபாட்டை, இந்தக் காந்தம் எப்படியோ தொட்டறிந்து எண்களாக்கி, சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்புகிறது. படித்திருக்கிறேன், தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன், ஆனால் படுத்துக் கிடக்கும்போது அது வேறாக இருக்கிறது. கோயிலுக்குள் முதன்முதலாகப் போகும் குழந்தை மாதிரி தலையை நிமிர்த்திப் பார்க்கத் தோன்றுகிறது, நிமிர்த்தக் கூடாது. அம்மாவை நினைத்தால் அம்மா இருக்கிற இடத்துக்கு ரத்தம் ஓடும். அம்மா எனக்குள் எங்கே இருக்கிறாள், ஒரே இடத்திலா, பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகவா, அவள் குரல் ஓரிடம், அவள் விரலில் இருக்கும் மை வாசனை ஓரிடம் என்று பிரிந்து கிடந்து, நான் கூப்பிடும்போது மட்டும் ஓடிவந்து சேர்ந்துகொள்கிறாளா. இதெல்லாம் இந்த ஒன்றரைக் கிலோவுக்குள், தயிர்க்கட்டி பதத்தில் இருக்கும் ஒன்றுக்குள்.

அம்மாவை நினைத்திருக்கக் கூடாது. அம்மா வந்தால் அந்தப் படிவம் வரும். தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் அம்மா இருபது வருஷமாகப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறாள், சாதிச் சான்று, வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, ஊரில் பாதிப் பேருடைய வாழ்க்கை அவள் கையெழுத்தில்தான் அரசாங்கத்துக்குப் போயிருக்கிறது. "இந்தா பாரு சிந்து, கட்டத்துல 'இல்லை'ன்னு போட்டா அடுத்த பக்கத்துக்குப் போயிருவான். 'ஆம்'னு போட்டாத்தான் 'ஆம் எனில் விவரம் தருக'ன்னு ஒரு கோடு போட்டு வச்சிருப்பான். அந்தக் கோட்டுல மாட்டுனவன் வெளிய வந்ததே இல்ல." காலையில் மேடம் கொடுத்த பாதுகாப்புப் படிவத்தில் பதினான்கு கேள்விகள். உடலில் உலோகம் ஏதேனும் உண்டா, இல்லை. இதயத்தில் கருவி, இல்லை. கருவுற்றிருக்கிறீர்களா, இல்லை. ஏழாவது கேள்வி: உங்களுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா. நான் நிறுத்தவில்லை. நிறுத்தி யோசித்து, துணிந்து பொய் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது, ஆறாவதுக்குப் போட்ட அதே வேகத்தில் ஏழாவதுக்கும் இல்லை என்று போட்டுவிட்டு எட்டாவதுக்குப் போய்விட்டேன். என் கையை அம்மா பிடித்து எழுதின மாதிரி. கீழே கையெழுத்து என்னுடையது.

படம் எடுப்பதால் ஒன்றும் ஆகாது. இந்தக் காந்தம் என்னை எதுவும் செய்யாது, வெறுமனே பார்க்கும். பிரச்சினை இதற்கப்புறம், பக்கத்து அறையில். இந்தப் படத்தை வைத்து என் மூளையில் வலது கட்டைவிரலுக்கான இடம் எது என்று குறித்துக்கொண்டு, மூளையைத் தூண்டும், எட்டு வடிவத்தில் இருக்கும் காந்தச் சுருளை என் தலைமேல் வைத்து எபனேசர் பொத்தானை அழுத்துவார். எபனேசர் இங்கே நான்காம் ஆண்டு ஆராய்ச்சி மாணவர், தூத்துக்குடிக்காரர், காலையில் எனக்குக் காட்டுவதற்காகத் தன் தலையிலேயே வைத்துக் காட்டினார். டக் என்று ஒரு சின்னச் சத்தம், சுவிட்ச் போடுகிற அளவுக்கு. மடியில் கிடந்த அவருடைய கட்டைவிரல் துள்ளியது. அவர் முகத்தைப் பார்த்தேன், முகத்துக்கும் அந்த விரலுக்கும் சம்பந்தமே இல்லை. "சத்தியமா நான் அசைக்கலங்க" என்றார், திருடன் இல்லை என்று சொல்கிறவர் மாதிரி. மறுபடி டக், மறுபடி துள்ளல். தொடாமல், குத்தாமல், எலும்பைத் தாண்டி, ஒரு மனிதனுடைய விரலை வெளியிலிருந்து கூப்பிட்டு எழுப்ப முடிகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்படியானால் நான் என் விரலை அசைக்கும்போது யார் அந்தப் பொத்தானை அழுத்துகிறார்கள், அந்தக் கைக்குப் பின்னால் இன்னொரு கை இருக்கிறதா என்ற கேள்வி வாய்வரை வந்தது, கேட்கவில்லை. கேட்க நினைத்து விழுங்கியவற்றைச் சேர்த்து வைத்திருந்தால் எனக்கென்று தனியாக ஒரு நூலகம் இருக்கும். "இங்க சேர்ற எல்லாரும் முதல்ல தன் தலையக் குடுக்கணும்" என்று மேடம் சொன்னார். "தன் தலையில வாங்காததை அடுத்தவங்க தலையில வைக்கக் கூடாது. பதினாலு வருஷமா அதான் இங்க வழக்கம். நானும் வாங்கியிருக்கேன், எபனேசரும் வாங்கியிருக்கான். இன்னைக்கு நீ. முடிஞ்சதும் நியமன உத்தரவுல கையெழுத்துப் போட்டுறேன்." மூன்று வருஷத்துக்குத் திட்ட ஆராய்ச்சியாளர், மூளைத் தூண்டலும் மூளைப் படமும். நாற்பத்தேழு பேர் விண்ணப்பித்ததில் தேர்வானது நான் ஒருத்தி. வலிப்பு வந்த மூளைக்கு அந்தச் சுருளை வைக்கக் கூடாது என்பது முதல் பாடத்தின் முதல் பக்கம். அதைப் படித்துத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

அது வலிப்பு இல்லை, மயக்கம். அம்மா பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் சொல்கிறாள், "வெயிலு, காலையில சாப்பிடாமப் போயிட்ட, மயங்கிட்ட", சொல்லிச் சொல்லி அந்தச் சொல் வழுவழுப்பாகிவிட்டது. ஏழாம் வகுப்பு. காலை வணக்கக் கூட்டம். தலைமையாசிரியை செய்தி வாசித்துக்கொண்டிருந்தார், அவர் மூக்குக்கண்ணாடியில் வெயில் பட்டுப் பட்டு அணைந்தது, எங்கிருந்தோ கருகின வெல்லப்பாகு வாசனை வந்தது, யார் வீட்டில் பாகு முறுகிப்போனது என்று நினைத்தேன், அதுவரைக்கும்தான் நான். அடுத்தது மண். முகத்துக்குப் பக்கத்தில் மண், செருப்புகள், வாய்க்குள் உப்பு, வலது கைக்குள் ஏதோ கனமாக, குளிர்ச்சியாக. பிரித்துப் பார்த்தால் பள்ளிக்கூடத்துச் சாவிக்கொத்து. ஒன்பது சாவிகள். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்று யாரோ ஓடிப்போய்க் கொண்டுவந்து திணித்து, என் விரல்களைத் தன் விரல்களால் மூடியிருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. உள்ளங்கையில் சாவிப் பல் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது. "நாலு நிமிஷம்டி" என்றாள் ரெஜினா, வகுப்பில் அவளிடம் மட்டும்தான் கைக்கடிகாரம் இருந்தது. "நான் மணி பாத்துக்கிட்டே இருந்தேன். நீ செத்துட்டன்னு நினைச்சேன். ஆனா கையக் கால ஆட்டிட்டே இருந்த, செத்தவங்க ஆட்ட மாட்டாங்கன்னு உடனே தெரிஞ்சுக்கிட்டேன்." அதைச் சொல்லிவிட்டு அவள் தன் முறுக்கில் பாதியை உடைத்துக் கொடுத்தாள். அந்த வாரம் என் பெஞ்சில் அவள் மட்டும்தான் உட்கார்ந்தாள். அம்மா கடையிலிருந்து ஓடிவந்தபோது விரலெல்லாம் மை, அந்த மை என் கன்னத்தில் ஒட்டியது. மதுரையில் ஒரு டாக்டர். இரண்டு வருஷம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வெள்ளை மாத்திரை, சத்து மாத்திரை என்று அம்மா உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு மாத்திரையை மட்டும் கையில் கொடுப்பாள். ஒரு நாள் குப்பையில் கிடந்த உறையில் பாதிப் பெயரைப் பார்த்தேன். எம்.எஸ்ஸி. இரண்டாம் பருவத்தில் மருந்துகள் பாடத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டியபோது மீதிப் பெயர் கிடைத்தது. அன்று விடுதியில் யாரிடமும் பேசவில்லை, வழக்கமாகவே பேசுவதில்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

அம்மாவைக் குற்றம் சொல்ல முடியவில்லை. எங்கள் தெருவில் ஒரு அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள், அவளுக்குச் சின்ன வயசில் இழுப்பு வந்ததை யாரோ சொல்லிவிட்டார்கள் என்று காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். ஆறு டம்ளர். அம்மா அதைப் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு எனக்கு ஒருநாளும் வரவில்லை, ஒருமுறைகூட. இனி வராது என்றுதான் எல்லாப் புத்தகமும் சொல்லும், அந்தச் சுருளாலும் வருவது மிகமிக அரிது என்றுதான் சொல்லும். அரிது என்றால் இல்லை என்று பொருள் இல்லை. இல்லை. அந்தச் சொல்லைத்தான் எழுதினேன். வந்துவிட்டால் எனக்கு ஒரு நாலு நிமிஷம் போகும், அது எனக்குப் பழகினதுதான், ஆனால் அறையைப் பூட்டிவிடுவார்கள், விசாரணை, நெறிமுறைக் குழு என்று ஆகி, மேடம் இரண்டு வருஷம் அலைந்து வாங்கிய அனுமதியும் போகும். நடைவழியில் இப்போது ராஜமாணிக்கம் ஐயா உட்கார்ந்திருப்பார். அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்தவர், பக்கவாதத்தில் வலது கை போனது, பதினெட்டு நாளாக அந்தச் சுருளுக்குக் கீழே தலையைக் கொடுக்கிறார். மடியில் ஒரு பழைய டிக்கெட் கட்டு. கட்டைவிரலை அதன்மேல் வைத்து, நெற்றி வேர்க்க, ஒரு டிக்கெட்டைக் கிழிக்கப் பார்ப்பார். காலையில் நான் உள்ளே வரும்போது அறிமுகமே இல்லாத என்னிடம் நீட்டிக் காட்டினார். "பாதி கிழிச்சிட்டேன் பாப்பா. மிச்சப் பாதிக்குத்தான் இன்னும் கொஞ்ச நாள் வரணும். அதுவரைக்கும் பாதி டிக்கெட்தான், நீ சின்னப் பிள்ளைதானே, போய்க்கோ." நான் அந்தப் பாதிக் கிழிசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே எங்கோ கோடிக்கணக்கில் இருக்கும் இழைகளில் சில இழைகள் பாதை மாறி, சுற்றிக்கொண்டு வந்து, இரண்டு அங்குலக் காகிதத்தை ஓர் அங்குலம் கிழித்திருக்கின்றன. ஒரு ஊரே சேர்ந்து தேர் இழுத்த மாதிரி. பூட்டினால் அந்த மிச்சப் பாதியும் பூட்டப்படும்.

எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும். நாலு இருக்குமா. நாலு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது, எல்லாரையும்விட எனக்குத்தான் அது தெரியாது. நேர்காணலில் மேடம் கேட்டார், ஏன் இந்தத் துறை. நரம்பியல் நோய்களின் சுமை அதிகரித்து வருகிறது என்று தொடங்கி, ஒப்பித்தேன், அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். உண்மை அதுவல்ல. பாகு வாசனைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது, அதில் என் கை ஆடியிருக்கிறது, கால் ஆடியிருக்கிறது, இதயம் அடித்திருக்கிறது, என் கைக்குள் ஒன்பது சாவிகளை ஒருவர் வைத்திருக்கிறார், நான் இல்லை. தூக்கம் என்றால் தூங்கினோம் என்றாவது தெரியும். இது வெட்டி ஒட்டின துணி, தையல்கூடத் தெரியவில்லை. எங்கே போனேன். போகவில்லையென்றால் இங்கே இருந்தது யார். பன்னிரண்டு வருஷமாக இந்த ஒரு கேள்வியைத்தான் வேறு வேறு பாடப்புத்தகங்களில் தேடிக்கொண்டிருக்கிறேன். இப்போது அதே மூளை இந்தக் கூண்டுக்குள் இருக்கிறது, அன்றைக்கு என்னை நாலு நிமிஷம் வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட அதே மூளை, அதை இப்போது வரி வரியாகப் படம் பிடிக்கிறார்கள். படத்தில் தெரியுமா. தெரியாது, தெரியாது என்று எனக்கே தெரியும், பொய் இன்ன இடத்தில் இருக்கிறது என்று காட்டும் படம் எதுவும் இல்லை, இந்தப் பயமும் மற்றப் பயங்களைப் போலக் கொஞ்சம் ரத்தமாகத்தான் பதிவாகும். ஆனால் பதிவாகும். நான் எதை நினைத்தேன் என்று யாருக்கும் தெரியாமல், நான் எதையோ நினைத்தேன் என்பது மட்டும் இவர்களுடைய கணினியில் பல வருஷம் இருக்கும். அதை நினைக்க ஒரு கணம் வெட்கமாக இருக்கிறது, அடுத்த கணம் என்னவோ பெரிதாக இருக்கிறது. ஏனென்றால் இது எல்லாருக்கும் அப்படித்தான், மேடத்துக்கும், ராஜமாணிக்கம் ஐயாவுக்கும், கடையில் குனிந்து யாருக்கோ 'இல்லை' எழுதிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கும். ஒவ்வொரு தலையிலும் ராப்பகலாக ஓடும் இந்தத் தறி. யாரும் நிறுத்திக் கேட்டதே இல்லை.

கூட்டல் குறி மங்குகிறது. கண் சிமிட்டவில்லை போல. சிமிட்டினேன், திரும்ப வந்தது. வாசனை ஏதாவது வருகிறதா என்று மூக்கு தானாகத் தேடுகிறது, பன்னிரண்டு வருஷமாகத் தேடுகிறது, இல்லை, மருந்துக்கடை வாசனைதான். இன்னும் சற்று நேரத்தில் சத்தம் நிற்கும், வெளியே இழுப்பார்கள், பக்கத்து அறை, நாற்காலி, டக். என் கட்டைவிரல் துள்ளும், நான் அசைக்காமல். அதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன், அந்த ஒரு துள்ளலைப் பார்க்க, எனக்குள்ளேயே பார்க்க. ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஒருவேளை துள்ளல் நிற்காமல் தோளுக்கு ஏறி, முகத்துக்கு ஏறி, அப்புறம் மண். கண் திறந்தால் எபனேசரின் முகம், மேடத்தின் முகம், கையில் திணிக்க அந்த அறையில் சாவிகூட இருக்காது. நான் இல்லாத இன்னொரு நாலு நிமிஷத்தை அவர்கள் பார்த்துவிட்டிருப்பார்கள். அசையக் கூடாது என்றார்கள். அசைந்தால் இந்தப் பத்து நிமிடமும் வீண். என் விரல்கள் பந்தைச் சுற்றி இருக்கின்றன, ரப்பர் என் சூட்டில் வெதுவெதுப்பாகிவிட்டது. கட்டைவிரலுக்கான இடம் இடது பக்கம், காதுக்கும் உச்சிக்கும் நடுவில். அங்கே யாரும் சுருள் வைக்கவில்லை. டக் என்று யாரும் தட்டவில்லை. ஆனாலும் அங்கே ஏதோ சேர்கிறது, கூட்டம் சேர்கிற மாதிரி, எங்கிருந்தெல்லாமோ, ரெஜினாவின் முறுக்கு, பாதி டிக்கெட், ஆறு டம்ளர் காப்பி, வந்து வந்து சேர்கிறது, நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பார்ப்பதும் நான், சேர்வதும் நான், விரல் மடங்குகிறது.

தறி நின்றது. காதுக்குள் அமைதி விழுந்த வேகத்தில் அதுவே ஒரு சத்தம் போல இருந்தது.

"என்னம்மா ஆச்சு?" ஒலிபெருக்கியில் பக்கிரிசாமி அண்ணன். "மூச்சு முட்டுதா?"

"இல்லண்ணே. மேடம்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஒன்றரை நிமிஷந்தான் பாக்கி."

"இப்பவே சொல்லணும்."

படுக்கை வெளியே நகர்ந்தது. கூண்டைத் திறந்தார்கள். மேடம் உள்ளே வந்தபோது நான் உட்காரக்கூட இல்லை, கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஏழாவது கேள்வி மேடம். எனக்கு வந்திருக்கு. பன்னெண்டு வயசுல. ஒரு தடவை."

மேடம் கண்ணாடிச் சன்னலைப் பார்த்து, "எபனேசர், சுருளை எடுத்து உள்ள வை. இன்னைக்கு வேணாம்" என்றார். என் பக்கம் திரும்பினார். "படிவத்துல 'இல்லை'ன்னு இருக்கே. யார் எழுதினது?"

அம்மா நினைவுக்கு வந்தாள், மை விரல்களோடு. "நான்தான் மேடம்."

"ஒரு மணி நேரம் முன்னாடி சொல்லியிருக்கலாம்."

"ஆமா மேடம்."

"ஒரு மணி நேரம் கழிச்சு, சுருள் வச்ச அப்புறமும் சொல்லியிருக்கலாம்." அவர் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"நாலு நிமிஷம்னு ஃப்ரெண்டு சொன்னா. எனக்குத் தெரியாது மேடம். அப்ப நான் அங்க இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். நேர்காணலில் பார்த்தது போல் இல்லை. "அன்னைக்கு ஏன் இந்தத் துறைன்னு கேட்டேன்ல. என்னவோ நோய்ச்சுமை அது இதுன்னு சொன்ன." நான் எழுந்து உட்கார்ந்தேன். "ரெண்டு மணிக்கு நரம்பியல் டாக்டர் வருவார், அவர்கிட்ட ஒண்ணு விடாமச் சொல்லு. உன் தலையில நாங்க வைக்க மாட்டோம், அது முடிஞ்சு போச்சு. வாங்காதவங்க அடுத்தவங்களுக்கு வைக்கக் கூடாதுன்னு வழக்கம். அப்ப உன்னை எங்க வைக்கிறதுன்னு குழு கேக்கும். கையெழுத்து இன்னைக்கு இல்ல." எழுந்தவர் வாசலில் நின்றார். "இப்ப சொன்னியே, நான் அங்க இல்லன்னு. அதை ஒரு தாள்ல எழுதிக் குடு. படிவத்துல இல்ல, தனித் தாள்ல. நான் குழு முன்னாடி வைக்கணும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரையில் என் மூளையின் முதல் படம் இருந்தது. சாம்பல் நிறத்தில், மடிப்பு மடிப்பாக, அவ்வளவு அமைதியாக. அன்று கதவைச் சாத்திக்கொண்டது எந்த மடிப்பு என்று தேடினேன். எல்லாம் ஒன்று போலவே இருந்தன. எபனேசர் திரையின் ஒளியை எனக்காகக் கொஞ்சம் கூட்டினார்.

வெளியே பக்கிரிசாமி அண்ணன் மேசையிலிருந்து பெட்டிச் சாவியை எடுத்தார். "இந்தாம்மா, உன் சாமானெல்லாம் எடுத்துக்க" என்று என் வலது உள்ளங்கையில் வைத்தார். கனமாக, குளிர்ச்சியாக. இந்த முறை யார் வைத்தார் என்று பார்த்தேன். விரல்களை நானே மூடினேன்.